சுண்ணாம்பு கற்பித்த பாடம்

தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களுக்கு அனுபவம் என்பது காகிதத்தில் அடங்கியது. கட்டடக்கலை பயிலும் எங்கள் மகளோ, பழஞ்சின்னமொன்றின் சீரமைப்பில் மூன்று மாதம் பயிற்சி பெற்று, சுண்ணாம்பில் வெந்த விரல்களோடு திரும்பினாள்.

“நூலில் படித்தது போதாதப்பா, கரண்டியில் எடுத்தால்தான் சாந்தின் பதம் தெரிகிறது” என்றாள்.

ஹுமாயூன் கல்லறைக் கூரைமீது 20ஆம் நூற்றாண்டில் இட்ட கான்கிரீட்டில் சுமார் 10 லட்சம் கிலோவை, 2013இல் நிறைவுற்ற சீரமைப்பின்போது அகற்றினார்களாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்டோ ஈரத்தை உள்ளே சிறைவைக்கும்.

கேட்டுத் தலைகுனிந்தோம். ஊரில் பாட்டனார் கட்டிய வீட்டுக்குச் சிமெண்டு பூசப் பணம் அனுப்பியவர்கள் நாங்களே. இன்று அச்சுவர் பொரிந்து உதிர்கிறது.

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். மகள் மேஸ்திரி, நாங்கள் சித்தாட்கள்.