மணலே மெத்தை: ஒரு மஞ்சள் ராஸின் பதினைந்து நாட்கள்

முதல் நாள், பிற்பகல் 3 மணி

பாலித் தீவிலிருந்து வந்த மஞ்சள் ராஸ் மீன் பவளத் தொட்டிக்குள் விடப்பட்டது. நீளம் 7 செ.மீ. இருக்கும், முழுதாக வளர்ந்தால் 12 செ.மீ. உடல் முழுக்க எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் கரும்பொட்டு. ஹாலிகோரெஸ் கிரைசஸ் என்ற அறிவியல் பெயரை 1981-ல் இதற்கு இட்டவர் ஜான் ராண்டால்.

பையிலிருந்து வெளியே வந்த மீன் பாறைகளை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. நேரே தரைக்கு இறங்கியது. மணலில் தலையைக் குத்தி, உடலை இரண்டு முறை நெளித்தது. கண் சிமிட்டுவதற்குள் வாலும் மறைந்துவிட்டது. கிளம்பிய தூசு அடங்கிய பிறகு பார்த்தால் மணல் பழையபடி சமமாகக் கிடந்தது.

முதல் நாள், இரவு 8 மணி

விளக்கு அணைந்தது. ராஸ் குடும்பத்தில் எல்லாமே மணலில் படுப்பதில்லை. ஹாலிகோரெஸ், லெப்பர்டு ராஸ், கோரிஸ், அனாம்ப்ஸஸ் ஆகியவை மணலில் புதைபவை. இதே தொட்டியில் உள்ள ஃபேரி ராஸோ பாறை இடுக்கில் ஒதுங்கி, தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு கோழைப்பை கட்டிக்கொண்டு தூங்குகிறது. கிளிமீன்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. பை இல்லாத கிளிமீன்களில் 94 விழுக்காடும், பை கட்டியவற்றில் வெறும் 10 விழுக்காடும் இரவில் ரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணிகளுக்கு இரையாயின என்பது ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த ஆய்வொன்றின் கணக்கு. கோழைப்பையைக் கொசுவலை என்றால், மணலைக் கனத்த போர்வை என்றே சொல்லவேண்டும். பாறை இடுக்குகளில் மோப்பம் பிடித்துத் திரியும் விலாங்குகளிடமிருந்து ஒல்லியான இந்த மீனைக் காப்பது அதுதான்.

இரண்டாம், மூன்றாம் நாள்

மீன் தலைகாட்டவில்லை. தொட்டிக்காரர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்: செத்திருக்குமோ என்ற பயத்தில் குச்சியால் கிளறுவார்கள். கிளறினால் பயந்த மீன் இன்னும் ஆழமாகப் போகும். செதில் உரிவதும் உண்டு. புதிதாக வந்த ராஸ் பல நாட்கள் மணலுக்குள்ளேயே கிடப்பது வழக்கம்.

நான்காம் நாள், காலை 10.40

பத்து மணிக்கு விளக்கு எரிந்தது. நாற்பது நிமிடம் கழித்து, இடது மூலையில் மணலுக்கு வெளியே ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் மட்டும் மேலும் கீழும் உருண்டுகொண்டிருந்தது. பிறகு முழு உடலும் ஒரே உதறலில் வெளியே வந்தது. பகலில் நன்றாக மேய்ந்தது, ஆனால் 3.45-க்கெல்லாம் மீண்டும் மணலுக்குள். விளக்கோ உச்சத்தில் எரிகிறது!

இந்த விசித்திரத்துக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. பாலி நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது, இங்கே 3.45 என்றால் அங்கே மாலை 6.15, பொழுது சாயும் வேளை. மீனின் உடல்கடிகாரம் இன்னும் ஊர் மாறவில்லை. இதே இன மீன்களைக் கொண்டு நடந்த நெதர்லாந்து ஆய்வு 2000-ல் வெளியானது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுவதையும், ஒளியைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்வதையும் அந்த ஆய்வு காட்டியது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும் மீனுக்கு இரவே பகலாகிவிடும். அங்கே இந்தக் குழப்பம் இன்னும் பெரிது.

ஆறாம் நாள்

மணலைப் பற்றி. ஆழம் குறைந்தது 5 செ.மீ.; வளர்ந்த மீனுக்கு நான்கு விரற்கடை இருந்தால் நல்லது. மணி ரவை அளவில், முனை மழுங்கியதாக இருக்கவேண்டும். உடைத்த பவளச்சல்லி அழகாக இருக்கலாம், தினமும் அதில் பாயும் மீனின் வயிறும் வாயும் கீறிப்போகும். மணிகளுக்கிடையே நீர் நிற்பதால்தான் புதைந்த மீன் மூச்சுவிடுகிறது. சேறாக அடைந்த தரையில் அது நடக்காது. தரையில் மணலே போடாத தொட்டியானால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி வைத்தால் போதும், மீன் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். தனிமைத் தொட்டிக்கும் இதே ஏற்பாடுதான்.

ஒன்பதாம் நாள், மாலை 6.50

மின்வெட்டு. மீன் படுக்கப் போகும் முன்பே இருள் சூழ்ந்தது. கண்ணாடியில் மோதிய சத்தம், பிறகு மூடியின் வலையில் ஒரு தட்டல். திடீர் இருட்டில் ராஸ் மீன்கள் துள்ளும். வலைமூடி இல்லாத தொட்டியாக இருந்தால் காலையில் தரையில் காய்ந்த மீனைத்தான் பார்க்கவேண்டியிருக்கும். விளக்கைப் படிப்படியாக மங்கவிடும் டைமரும் ஓர் இன்வெர்ட்டரும் இருந்தால் இந்தச் சங்கடம் குறையும்.

பன்னிரண்டாம் நாள், இரவு 7.40

விளக்கு மங்கத் தொடங்கியதும் மீன் இடது மூலைக்கு மேலே இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் பாய்ந்தது. விளக்கு முழுதாக அணைய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடிகாரம் ஊர் மாறிவிட்டது. நேற்றும் முந்தாநாளும் படுத்த அதே இடம். ராஸ் தன் படுக்கையை லேசில் மாற்றாது. ஜப்பானியக் கடலோரத்தின் கியூசென் என்ற உறவுக்கார ராஸ் இன்னும் ஒரு படி மேல்: குளிர்காலத்தையே மணலுக்குள் உறங்கிக் கழிக்கிறது.

பதினைந்தாம் நாள், நண்பகல்

சைஃபன் குழாயால் மணல் கழுவப்பட்டது. இதை விளக்கு அணைந்த நேரத்திலோ காலையிலோ செய்தால் குழாய் மீன்மேலேயே இறங்கிவிடும். ஆகவே அது வெளியே திரியும் நண்பகலே சரி. இடது மூலையில் ஒரு சாண் இடம் கழுவப்படாமல் விடப்பட்டது. அங்கே பல்லில் சிக்கிய மணலைத் துப்பிக்கொண்டு, ராஸ் கோப்பிபாட் என்ற சிற்றுயிர் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தது.