எது காலைக்கு, எது இரவுக்கு?

ஒருநாள் மாலை, மாத்தளை நகரத்து மருந்துக் கடையொன்றில் நின்றிருந்தோம். தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், சுருக்குப் பையில் மடித்து வைத்திருந்த மருந்துத் துண்டை எம்மிடம் நீட்டினார்.

"மாஸ்டர், கடைத் தம்பிக்கே இது வெளங்கலையாம். நீங்க கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தோம். இருபது ஆண்டுகளாக மாணவர்தம் கையெழுத்துடன் போராடிப் பழகிய கண்கள் எம்முடையவை; எனினும் முதலெழுத்துக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. பட்டதாரி என்ற பெருமை அக்கணமே அகன்றது. ஊகித்துச் சொல்லவும் அஞ்சினோம். ஓரெழுத்து மாறின் மருந்து மாறும். மருந்து மாறின் உயிருக்கே ஊறு நேரும்.

இவ்விடரைத் தீர்க்கவே பல நாடுகளில் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்திய மருத்துவக் கழகம் 2016 இல், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதுமாறு வைத்தியர்களைப் பணித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம், மருந்துச் சீட்டுகளைக் கணினி வழியே நேராகக் கடைக்கு அனுப்புதலைக் கட்டாயமாக்கியது. மின்தடை போன்ற சில வேளைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எஸ்தோனியாவிலோ கணினிச் சீட்டு 2010 முதலே நாடெங்கும் வழக்கில் உள்ளது. இம்முறை இங்கும் பரவின் கையெழுத்துக் குழப்பம் ஒழியும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அம்மாலைப் பொழுது எமக்கு இன்னொன்றையும் கற்பித்தது. பாட்டியோடு வைத்தியரிடம் திரும்பிச் சென்றோம். அவரும் முகம் சுளிக்காது, வேறொரு துண்டு தெளிவாக எழுதித் தந்தார். கடைக்காரர் உடனே மூன்று வகைக் குளிசைகளை எடுத்துக் கொடுத்தார். அவற்றைப் பையிலிட்ட பாட்டி எம்மை நோக்கி, "மாஸ்டர், இதுல எது காலைக்கு, எது ராவைக்கு?" என்று வினவினார்.

துண்டு விளங்கியது கடைக்காரருக்கு, பாட்டிக்கு அன்று! கடைக்காரரைக் கேட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் தமிழில் எழுதிக் கொடுத்தோம். "பேத்தி வாசிச்சுச் சொல்லுவா" என்று மகிழ்ந்து சென்றார்.

வாய்மொழியாய் வழங்கிய பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதப்பெற்றது நமது மாத்தளையின் அலுவிகாரையிலே என்பது மரபு. எழுதியது எதற்கு? பின்வருவோர் வாசித்துப் பயன்பெறவன்றோ! கணினிச் சீட்டு கடைக்குச் செல்லட்டும். அதனோடு, தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய தாளொன்று நோயாளியின் கைக்கும் வரட்டும். மருந்தை உண்பவர் அவரல்லரோ?