வாத்துக்கும் மருந்து ஏறுகிறது

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன வாங்கிச் செல்கிறோம்? ஆரஞ்சுப் பழம், ஒரு டின் பிஸ்கட், கையில் காசிருந்தால் கரடி பொம்மை. அந்தக் கரடி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு ஊசி போடும்போதும் சிரிக்கும், வாந்தி எடுக்கும்போதும் சிரிக்கும். எனக்கென்னவோ அது பிடிப்பதில்லை.

2018-இல் அமெரிக்காவில் வேறு விதமான பொம்மை ஒன்று அறிமுகமானது. ஒரு வாத்து. ஸ்ப்ரௌட்டல் என்ற சிறு நிறுவனம் வடிவமைத்தது. அப்லாக் என்ற காப்புறுதி நிறுவனம் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அந்த வாத்துக்கு நெஞ்சு துடிக்கும். முகம் வரைந்த சிறு வில்லைகளும் உடன் வரும். பிள்ளை தன் மனநிலைக்கு ஏற்ற வில்லையை எடுத்து வாத்தின் மார்பில் வைத்தால், வாத்தும் அதே உணர்ச்சியோடு குரல் கொடுக்கும். பத்துப் பேர் கேட்டும் வாய் திறக்காத பிள்ளை இப்படியாவது பதில் சொல்லும் அல்லவா?

அந்த வாத்தின் மார்பிலும் மருந்து ஏற்றும் வாய் ஒன்று உண்டு. பிள்ளை தன் கையாலேயே குழாயை மாட்டி அதற்கு மருந்து ஏற்றலாம். வார்டில் இரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதும் பிறர். பிள்ளை கையை நீட்டினால் போதும். வாத்து வந்த பிறகு, பிள்ளையை நம்பி ஒரு நோயாளி!

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், பேசும் நீலக் கரடி ஒன்றை 3 முதல் 10 வயது வரையிலான 54 பிள்ளைகளிடம் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணப் பொம்மை பெற்றவர்களைவிட, பேசும் கரடி பெற்றவர்கள் உற்சாகமாக இருந்தார்களாம். அந்தக் கரடியை மறைவிலிருந்து இயக்கிப் பேசியவர் ஒரு மனிதர்தான்!

நம் கைக்கு இதெல்லாம் எட்டுமா என்று கேட்பீர்கள். என் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இரத்தப் புற்றுநோய். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். வேலையை விட்டுவிட்டு மகளுடன் வார்டிலேயே இருந்தார். நான் பழைய பருத்திச் சேலையில் ஒரு பொம்மை தைத்தேன். மருந்து ஏறும் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால், தாதியைக் கேட்டு, துவைத்துக் காயவைத்த பிறகே கொடுத்தேன். பொம்மையின் மார்பில் ஒரு சட்டைப் பொத்தானும், அதன் கீழ் சிறு பையும் வைத்தேன். தாதி புதிய குழாய்த் துண்டு ஒன்று கொடுத்தார்.

அதன் பிறகு அவள் கையை நீட்டுவதற்கு ஒரு நிபந்தனை விதித்தாள். "மிஸ்ஸி, முதல்ல இதுக்கு." தாதியும் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் பொம்மைக்கு பிளாஸ்திரி ஒட்டினார்.

மூன்றாம் வாரம் போனபோது, பொம்மையின் கறுப்பு நூல் முடியெல்லாம் ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தது. அவள் தலையிலும் முடி இல்லை.

"அதுக்கும் மருந்து ஏறுதில்ல டீச்சர், கொட்டிடுச்சு. அப்புறம் மொளைக்கும்."

தாயார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கறுப்பு நூல்கண்டு ஒன்று வாங்கி என் வகுப்பறை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.