நீருக்கு இடம் செய்த குன்று

மும்பை நகரின் வடபால், போரிவலிக் காட்டினுள் எழுந்து நிற்கிறது கான்ஹேரிக் குன்று. கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவியர் உறைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இன்று ஆளற்றுக் கிடக்கின்றன.

பெரிய சைத்தியத்தை மட்டும் கண்டு திரும்புவோர் பலர். பாறையில் வெட்டிய படிகளேறி முகடு நோக்கி நடப்பவரே, அத்துறவியரின் அன்றாட வாழ்வைக் காண்பர். ஓர் அறை, முன்னே திண்ணை, உள்ளே படுக்கக் கல்மேடை. மதுரைப் பக்கத்துச் சமணர் படுகைகளை நினைவூட்டும் எளிமை! ஆயினும் என்னைத் தடுத்து நிறுத்தியவை வாயிலருகே குடைந்த நீர்த்தொட்டிகளே. பாறைமேல் விழும் மழை, சிறு வாய்க்கால்கள் வழியே அவற்றில் சேரும். நான்கு திங்கள் கொட்டி, எட்டுத் திங்கள் ஓயும் மழையை நம்பி வாழ்ந்தோர் கண்ட வழி அது. கல்யாண், சோபாரா போன்ற ஊர்களின் வணிகர் குகைகளோடு தொட்டிகளையும் கொடையளித்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

இதே மலைக்காட்டின் மழைதான் 1860-இல் விகார் ஏரியிலும், 1879-இல் துளசி ஏரியிலும் தேக்கப்பெற்று நகருக்கு வந்தது. இன்றோ தொலைதூர அணைகளை நம்பி, குழாயில் நீர் வரும் நேரத்தைக் கணக்கிட்டு வாழ்கிறோம். நம் மொட்டைமாடி மழையோ சாக்கடையில் கலக்கிறது.

பிழைக்க வந்த ஊரில் நிலைக்க விரும்பும் நம்மவர்க்கு அக்கல்தொட்டிகள் உரைப்பது ஒன்றே: வீட்டுக்கு இடம் தேடும்போதே நீருக்கும் இடம் செய்க.