முறிகண்டியில் பேசுவோம்

வடபகுதி மக்கள் ‘கண்டி வீதி’ என்று அழைக்கும் ஏ9 நெடுஞ்சாலை, கண்டி மாநகரில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகின்றது. அதன் நீளம் 321 கிலோமீற்றர். பழைய கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய 200 மைல். மலையும் வயலும் காடும் கடலேரியும் ஒரே நாட் பிரயாணத்தில் நம் கண்முன்னே தோன்றி மறைகின்றன. விடுமுறையிலே குடும்பத்துடன் இவ்வழியே செல்ல எண்ணும் வாசகர்களுக்கு, இவ்வீதியின் சிறப்புடன் அதிலே எதிர்ப்படும் ஓர் அபாயத்தையும் எடுத்துரைத்தல் நலமெனக் கருதுகின்றோம்.

அண்மையில் நாம் கண்டியிலிருந்து காலையிற் புறப்பட்டோம். மாத்தளையைக் கடந்ததும் வீதியோரத்தில் அலுவிகாரைக் குன்று காட்சியளித்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அதுவென்பர். அப்பால் தம்புள்ளைக் குகைக்கோயில். மலைநாட்டு வளைவுகளில் சாரதியின் கண்ணும் கையும் தாமாகவே விழித்திருக்கின்றன. வவுனியாவைத் தாண்டிய பின்னரோ வீதி நேராக நீள்கின்றது. இருமருங்கும் ஒரே விதமான காடு, நடுப்பகல் வெயில். உள்ளம் சற்றே அயரும் அவ்வேளையிலேதான் கைத்தொலைபேசி ஒலிக்கின்றது.

அழைப்பவர் யாவர்? பெரும்பாலும் வீட்டாரே. “எவ்விடத்தில நிக்கிறியள்?” என்பதே கேள்வி. ஓமந்தையில் ஒருமுறை, மாங்குளத்தில் ஒருமுறை, கிளிநொச்சியில் மறுமுறை. இக்கேள்விக்குக் காரணமும் உண்டு. நெடுங்காலம் மூடப்பட்டிருந்த இவ்வீதி 2002ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. பிரயாணஞ் சென்றவர் போய்ச் சேர்ந்தாரோ என்ற செய்தி கிட்டாமல் நாட்கணக்கிற் காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! அந்த ஏக்கமே இன்று தொலைபேசி மணியாக ஒலிக்கின்றது. எனவே அக்கேள்வியை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும், அன்பினால் எழுந்த அவ்வழைப்பே அன்புக்குரியவரின் உயிருக்கு இடராகலாம் என்பதை மறத்தலும் கூடாது.

ஒரு சிறு கணக்கை மாணவர் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியிலே 19 மீற்றருக்கு மேல் ஓடுகின்றது. திரையிலே வந்த செய்தியை ஐந்து விநாடி நோக்கினால், வண்டி 97 மீற்றர் தூரம் பார்ப்பாரின்றி ஓடிவிடும். அஃது ஏறக்குறைய ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். அந்த இடைவெளியிலே கட்டாக்காலி மாடு குறுக்கிடலாம். துவிச்சக்கர வண்டியிற் பாடசாலை விட்டு வரும் பிள்ளை திரும்பலாம். விளக்கில்லாத உழவு இயந்திரம் மாலை மங்கலில் முன்னே ஊர்ந்து செல்லலாம். 2014ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தின் பாதையும் இவ்வீதியை ஒட்டியே செல்கின்றது. பக்கத்து ஊர்களுக்குத் திரும்புவோர் அதனைக் கடக்கவேண்டும்.

தொலைபேசியைக் கையிற் பிடியாது, செவியிலே கருவியைப் பொருத்திப் பேசினால் தீங்கில்லை என்பார் சிலர். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைப் பயன்படுத்துவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், கையிற் பிடியாமற் பேசுவதும் பெரிதும் பாதுகாப்பானதன்று என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. காரணம் எளிது. பேச்சிலே ஆழ்ந்த மனம், கண் கண்டதையும் காணாது விடுகின்றது. அருகில் இருப்பவரோடு பேசுவது வேறு. முன்னே மாடு வந்தால் அவரும் அதனைக் காண்கின்றார். பேச்சைத் தாமே நிறுத்துகின்றார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு மாடும் தெரியாது, வளைவும் தெரியாது.

எம் சாரதி அனுபவமிக்கவர். புறப்படும்போதே தம் தொலைபேசியைப் பின்னாசனத்திலிருந்த அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டார். புளியங்குளத்தருகே அது ஒலித்தது. “தம்பி வண்டி ஓட்டுறார், முறிகண்டியில பேசுவார்,” என்று அம்மையார் விடை கூறினார். மறுமுனையிலே வேறு கேள்வி எழவில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலை அறியாதார் வடக்கிலே இல்லை. அவ்வழிச் செல்லும் வண்டிகள் அங்கே தரித்து, தேங்காய் உடைத்து வணங்கிச் செல்வது வழிவழி வந்த வழக்கம். வறுத்த கச்சானின் மணம் வருவோரை வரவேற்கின்றது. காலை நீட்டவும், தாகந் தீர்க்கவும், வீட்டாருடன் அமைதியாகப் பேசவும் அதனினும் ஏற்ற இடம் எது? சாரதியும் அங்கேதான் மரநிழலில் நின்று வீட்டாருடன் பேசினார்.

அடுத்து ஆனையிறவு. குடாநாட்டைப் பெருநிலத்துடன் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு அது. 1991இலும் 2000இலும் பெரும்போர் கண்ட அந்நிலத்திலே இன்று இருபுறமும் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. அக்காட்சியை ஓடும் வண்டியிலிருந்தே படம்பிடிக்கச் சாரதியின் கை துடிக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, காற்றை நுகர்ந்து பார்ப்பவருக்கே ஆனையிறவு தன்னைக் காட்டும்.

ஆகவே, பிரயாணம் புறப்படுமுன் குடும்பத்தார் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளல் வேண்டும். தம்புள்ளை, வவுனியா, முறிகண்டி ஆகிய மூன்று இடங்களிலே நாமே பேசுவோம். இடையிலே அழைக்க வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லி வைப்போம். தொலைபேசியைச் சாரதியல்லாத ஒருவர் காக்கட்டும். பிள்ளைகளுக்கு இப்பணியை அளித்தால் பெருமையுடன் செய்வர். வீட்டிலிருப்போரும் சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். தொலைபேசி ஒலியாத அந்நேரத்தில், நம்மவர் வீதியிலே கண்ணாக வந்துகொண்டிருக்கின்றார் என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.