இடம் மாறிய கதவு

மாலை வேளைகளில் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். கல்லூரிக் கட்டணம் அதில்தான் நடக்கிறது. கணிதம் படிக்கிறவனுக்குக் கதவோடும் சன்னலோடும் என்ன உறவு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். சென்ற கோடை விடுமுறை வரையில் எனக்கும் விடை தெரியாது.

கணிப்பொறியில் வரைய உதவும் ‘ஆட்டோகேட்’ 1982-இல் வெளிவந்தது. கதவு போன்று அடிக்கடி வரும் உருவத்தை ஒருமுறை வரைந்து ‘பிளாக்’ ஆகச் சேமித்துவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துக்கொள்ளலாம். 2006-ஆம் பதிப்பில் ‘டைனமிக் பிளாக்’ வந்தது. அதன்பின் அதே கதவை இழுத்து அகலமாக்கலாம். இளநீல அம்புக்குறி ஒன்றைச் சொடுக்கினால், இடப்புறம் கீல் வைத்த கதவு வலப்புறக் கீலுக்கு மாறிவிடும். இந்தப் புரட்டலுக்கு ‘ஃபிளிப்’ என்று பெயர். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வித்தை அது!

அலுவலகத்தில் மூத்த வரைவாளர் அண்ணன் செய்துவைத்த கதவு பிளாக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று 750 மில்லிமீட்டர், மற்றொன்று 900. ஒன்றே போதுமே என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் 750 பிளாக்கில் இழுக்கும் வசதியைச் சேர்த்தேன். இழுத்துப் பார்த்தேன், 900 ஆயிற்று. 750-இல் புரட்டிப் பார்த்தேன், புரண்டது. இழுத்துவிட்டுப் புரட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

பத்து நாள் சென்று கட்டட வேலையிடத்திலிருந்து கொத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, படத்துல உள்ளபடியே படுக்கையறைக்கு வாசல் விட்டுட்டேன். இப்பப் பார்த்தா மூலைச் சுவரை ஒட்டிப் போயிடுச்சு. நிலை வைக்க இடமில்லையே!”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வரைபடத்தைத் திறந்தேன். எட்டுக் கதவுகளில் மூன்று மட்டும் சரியாக 150 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தன. மென்பொருளின் கோளாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த மூன்றும் நான் இழுத்து அகலமாக்கிப் பின் புரட்டியவை. அந்த 150 என்னை விடவில்லை.

புரட்டுவது என்பது ஒரு கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலிப்பதுதான். 750 கதவில் அந்தக் கோடு நடுவில், 375-இல் இருந்தது. கதவை 900 ஆக்கியபோது நடு 450-க்குச் சென்றது; கோடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இடைவெளி 75. கண்ணாடி 75 தள்ளியிருந்தால் பிம்பம் அதைப்போல் இருமடங்கு விலகும். இரண்டாமாண்டில் மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்த பாடம், அங்கே சுவராக எழும்பி நின்றது.

காரணம் தெரிந்தபின் திருத்துவது எளிதாயிற்று. ‘பிளாக் எடிட்டரில்’ நுழைந்து, இழுக்கும் அளவோடு ‘மூவ்’ செயல் ஒன்றைப் பிணைத்தேன். ஃபிளிப் கோட்டை அதில் சேர்த்து, தூரப் பெருக்கியை 0.5 என்று வைத்தேன். கதவு 150 விரிந்தால் கோடு 75 நகரும்; எப்போதும் நடுவிலேயே நிற்கும். இன்னொரு குறையும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஃபிளிப் செயலுக்கு உருவங்களைத் தேர்ந்தபோது கதவின் கோடுகளை மட்டும் தேர்ந்திருந்தேனே தவிர, இழுக்கும் அளவுருவைச் சேர்க்கவில்லை. அதனால் கதவு புரண்டாலும் இழுக்கும் பிடி பழைய பக்கமே தங்கியது. அதையும் சேர்த்தேன். பிறகு இழுத்துப் புரட்டி, புரட்டி இழுத்து, இரவு பத்து மணி வரை சோதித்தேன்.

மறுநாள் பொறியாளரிடம் உண்மையைச் சொல்லி, வாசலை இடித்துக் கட்டும் கூலியை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மாதக் கடைசியில் பார்த்தால் பாதிதான் பிடித்திருந்தார்கள். கணக்கில் பிழை என்று எண்ணி அண்ணனிடம் கேட்டேன்.

“மீதி என் கணக்குல போச்சுடா. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே?” என்றவர், தம் கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். பழைய 900 பிளாக்கை நீக்கிவிட்டு, என்னுடைய கதவைத்தான் வைத்திருந்தார்.