பள்ளத்துக்கு லெவல் தெரியாது

குதித்துத் தாவும் கேமையும் ஆர்பிஜியையும் கலந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால், இரண்டும் பொருத்தமான ஜோடிதானே என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குத்தான் இரண்டுக்கும் உள்ள சண்டை தெரியும். குதிக்கும் கேமில் வளர்வது விளையாடுகிறவரின் விரல். நேற்று விழுந்த இடைவெளியை இன்று தாண்டினால், திரையில் நிற்கும் பாத்திரம் துளியும் மாறியிருக்காது. ஆர்பிஜியில் கதை வேறு. ஒரே தாழ்வாரத்தில் எலும்புக்கூடுகளை அடித்து எக்ஸ்பீரியன்ஸ் சேர்த்துக்கொண்டே இருந்தால் போதும், விரல் எவ்வளவு மந்தமாக இருந்தாலும் பாத்திரம் பலசாலியாகிவிடும். விரலா, எண்ணா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு அறையிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம்தான். எண்கள் எதை வேண்டுமானாலும் தொடலாம், குதியைத் தொடக்கூடாது.

தையற்காரருக்கு அங்குல நாடா எப்படியோ அப்படித்தான் எங்களுக்குக் குதி. எங்கள் நாயகி நின்ற இடத்திலிருந்து மூன்றரைக் கட்டம் எழும்புவாள். அதனால் மூன்று கட்டச் சுவர் என்றால் ஏறலாம், நான்கு கட்டம் என்றால் வழி அடைப்பு. ஒவ்வொரு திட்டும், ஒவ்வொரு இடைவெளியும், கூரையில் தொங்கும் ஒவ்வொரு முள்ளும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன. குழுவில் புரோகிராம் எழுதும் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணா, லெவல் ஏற ஏற ஜம்பும் கொஞ்சம் கொஞ்சமா கூடினா நல்லா இருக்காதா?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் நான்கு கட்டச் சுவருக்கு அர்த்தமே போய்விடும். ஒருவருக்கு அது வாசல், இன்னொருவருக்குச் சுவர், மூன்றாமவருக்கு அரை விரல்கடை குறைகிற எரிச்சல். அதைவிட மோசம், விரல் பழகிவைத்த தூரமெல்லாம் ஒவ்வொரு லெவலுக்கும் பொய்யாகிப் போவது.

ஆகவே குதி வளர்வதென்றால் ஒரேயடியாக, எல்லாருக்கும் தெரியும்படி வளர வேண்டும். 1997இல் கொனாமி பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட 'காசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்' இதை அழகாகச் செய்தது. டிராகுலாவின் மகன் அலுகார்டுக்கு லெவல் உண்டு, வாள் உண்டு, கேடயம் உண்டு. அடியின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஆனால் எத்தனை லெவல் ஏறினாலும் அந்தரத்தில் இரண்டாவது முறை எம்பிக் குதிக்க முடியாது. அதற்கு 'லீப் ஸ்டோன்' என்ற பொருளைக் கண்டெடுத்தாக வேண்டும். அது கையில் கிடைத்த நொடியே, முன்பு அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிய திட்டுகள் வரிசையாக மனதுக்கு வரும். அதாவது குதியை அவர்கள் சாவியாக வைத்தார்கள், சம்பள உயர்வாக வைக்கவில்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பே, 1987இல், நின்டெண்டோவின் 'செல்டா 2' இதே முடிச்சோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அதில் லெவல் ஏறுவது தாக்குதல், மந்திரம், உயிர் மூன்றுக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் எட்டு வரை. உயரமாகக் குதிப்பது ஒரு மந்திரம். மந்திர லெவல் கூடினால் குதியின் உயரம் கூடாது. அந்த மந்திரத்துக்கு ஆகும் செலவுதான் குறையும். எவ்வளவு உயரம் என்பது மாறவில்லை, எத்தனை தடவை என்பதுதான் மாறுகிறது. கடினமான கேம் என்று பலரும் அலுத்துக்கொள்கிற ஒன்றுக்குள் இப்படி ஒரு நுணுக்கம் இருப்பதைப் பார்த்தபோது, செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

ஆனால் 'செல்டா 2' தீர்க்காமல் விட்டது பள்ளத்தை. பள்ளத்துக்கு உங்கள் லெவல் தெரியாது. தாக்குதல் எட்டு, உயிர் எட்டு என்று நிற்கிற நாயகன் லிங்க்கை ஒரு சில்லறை எதிரி தட்டிப் பின்னால் தள்ளினால் போதும், குழியில் விழுந்து ஒரு உயிர் போய்விடும். மணிக்கணக்காகச் சேர்த்த எண்களுக்கு அங்கே மதிப்பே கிடையாது. 1986இல் வந்த முதல் 'காசில்வேனியா'வும் இப்படித்தான் கொல்லும். அதில் குதித்த பிறகு திசையைத் திருப்பவும் முடியாது. பறந்து வரும் மெடூசா தலை மோதினால் நேரே பள்ளம்தான். லெவல் இல்லாத கேம் என்பதால் அங்கே அது நியாயம். போனது விரலின் தப்பு, அவ்வளவுதான்.

சிம்பனிக்காரர்கள் உயிரைக் குடிக்கும் பள்ளங்களையே எடுத்துவிட்டார்கள். அதன் மணிக்கூண்டிலும் மெடூசா தலைகள் வருகின்றன, இடிக்கின்றன. விழுந்தால் கீழே இருக்கும் தளத்தில் போய் நிற்போம், மறுபடி ஏற வேண்டும். இழப்பது நேரமும் கொஞ்சம் உயிர்ச்சக்தியும் மட்டும். சாதாரணமாக விளையாடுகிறவர்களுக்கு ஆக்‌ஷன் கேம்கள் மிகக் கடினமாக இருக்கின்றன என்பதால்தான் ஆர்பிஜி அம்சங்களைச் சேர்த்ததாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கோஜி இகராஷி சொல்லியிருக்கிறார். எண்களைச் சேர்த்ததோடு அவர்கள் நின்றிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். எண்களை மதிக்காத பள்ளத்தையும் தூக்கியதால்தான் அந்த உதவி உண்மையாகவே கைக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. பிற்பாதியில், கோட்டை தலைகீழாகக் கவிழ்ந்த பிறகு, குதிப்பதில் பதற்றமே மிஞ்சுவதில்லை. கூரைகள் தரையாகிவிட்ட அறைகளை யாரும் குதிக்கு அளந்து கட்டியிருக்க முடியாது. வௌவாலாகப் பறந்துதான் பாதி இடங்களைக் கடக்கிறோம். 'கிரிஸேக்ரிம்' என்ற வாள் கையில் சிக்கிவிட்டால் சண்டையும் தூசுதான். இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் அரை மணி நேரத்திலேயே மரணதேவன் வந்து அலுகார்டின் நல்ல ஆயுதங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போகிற கேம் அது. பறிகொடுத்தவன் கடைசியில் ராஜாவாக நடந்து போவதில் என்ன தப்பு?

எண்களை வேறு விதமாக அடக்கியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 2017இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்'டில் எக்ஸ்பீரியன்ஸே கிடையாது. ஆணி எனப்படும் வாளின் அடி 5, 9, 13, 17, 21 என்று நான்கே நான்கு முறை ஏறும். எலும்புக்கூடு அடித்து லெவல் ஏற்றுவது என்ற தப்பிக்கும் வழியே அங்கே இல்லை. விரலை நம்புகிறவர்கள் கட்டிய கேம்.

நாங்கள் நடுவில் எங்கோ நிற்கிறோம். எங்கள் கேமில் லெவல் உண்டு, பள்ளமும் உண்டு. விழுந்தால் சாவு இல்லை. கடைசியாகக் கால் ஊன்றிய திட்டில் கொண்டுபோய் நிறுத்தி, உயிர்ச்சக்தியில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறோம். பிடிப்பது நிலையான ஒரு தொகை, விகிதம் இல்லை. ஆகவே லெவல் ஏறியவரால் கூடுதல் தடவை விழ முடியும். எண் வைத்திருப்பவருக்கு எண்ணின் பலன் கிடைக்கிறது, குதியின் தூரமும் கெடவில்லை.

விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் குதிக்க விடுகிற சலுகை இந்த வகைக் கேம்களில் வழக்கம். 2018இல் வந்த 'செலஸ்ட்'டில் அது 0.1 நொடி. அந்தச் சலுகையை 'அதிர்ஷ்டம்' என்ற எண்ணோடு கட்டிவிடலாம் என்பது தம்பியின் அடுத்த யோசனை. மோதிரம் போட்டால் கால் கொஞ்சம் கூடுதலாகக் காற்றில் நிற்கும். குதியின் உயரம் மாறவில்லையே, உங்கள் விதியை நான் மீறவில்லையே என்று வாதாடுகிறான். உயரம் மாறவில்லைதான். ஆனால் எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்று விரல் பழகிவைத்தது மாறுகிறதே. மோதிரத்தைக் கழற்றியவர் முதல் விளிம்பிலேயே விழுவார், ஏன் விழுந்தோம் என்பதும் அவருக்குத் தெரியாது. இப்போதைக்கு மோதிரம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் அதைத் தனிக் கிளையில் எழுதி வைத்திருக்கிறான். அடுத்த சோதனை ஆட்டத்தில் எப்படியும் செருகிவிடுவான்.